இறந்தவர் கையெழுத்தோடு வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு

கேள்வி: எனக்கு 28 வயது. திண்டுக்கல்லில் வங்கி வேலை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். நாலு மாதத்துக்கு முன்னால் கோவையில் ஒரு மெக்கானிக்கிடம் 1970 மாடல், நாலு கதவு மார்க் 3 ஒன்றை 2.40 லட்சத்துக்கு வாங்கினேன். 1.60 லட்சம் ஜிபே, மீதி ரொக்கம். அதுதான் என் முதல் கார். எல்லாமே ஒரிஜினல் என்று சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்து காருக்குள் கிடந்த மேட்டைத் தூக்கிப் பார்த்தால் தரையெல்லாம் துரு, அதன் மேல் ஃபைபர் ஒட்டி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இன்ஜினும் ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் இல்லை. மாமனார் வீட்டில் தலைகுனிவாகிவிட்டது, ராத்திரி தூக்கமில்லை. ஆர்.சி.யில் பெயர் இருக்கும் டாக்டர் 2016-ல் இறந்துவிட்டார், ஆனால் முன்பே ஃபார்ம் 29, 30-ல் (உரிமை மாற்றப் படிவங்கள்) கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாராம், அதை மெக்கானிக்கே கொடுத்தார். அவருடைய மகன்தான் காரை மெக்கானிக்குக் கொடுத்தது, சென்னையிலும் பெங்களூரிலும் இரண்டு மகள்கள் இருக்கிறார்களாம். ஃபார்ம்களை ஒரு ஆர்.டி.ஓ. புரோக்கரிடம் கொடுத்திருக்கிறேன். அதுவரை டாக்டர் பெயரிலேயே ஆன்லைனில் இன்ஷூரன்ஸ் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக் மீது மோசடி வழக்குப் போட்டு நஷ்டஈட்டோடு 4 லட்சம் வாங்க முடியுமா? 50 வருடம் தாண்டிய கார் என்பதால் வின்டேஜ் பதிவு வாங்கினால் சிக்கல் தீருமா?

பதில்: துருவையும் ஃபைபரையும் மாமனார் வீட்டையும் ஒதுக்கி வையுங்கள். நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்து வாங்கிய பழைய காரில் தரை ஓட்டை என்று கோர்ட்டுக்குப் போனால், மேட்டைத் தூக்கிப் பார்க்க உங்களை யார் தடுத்தது என்றுதான் முதல் கேள்வி வரும். "ஒரிஜினல்" என்று வாயால் சொன்னதை நிரூபிக்கவும் முடியாது. உங்கள் நீளமான கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: பதிவு உரிமையாளர் 2016-ல் இறந்துவிட்டார், அது உங்களுக்குத் தெரியும், தெரிந்தே அவர் கையெழுத்துப் போட்ட காலி ஃபார்ம்களைப் புரோக்கரிடம் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் படித்து முடித்ததும் அந்தப் புரோக்கரைக் கூப்பிட்டு ஃபார்ம்களைத் திரும்ப வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போகட்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அந்தக் கையெழுத்து நிஜமாகவே டாக்டர் போட்டதாக இருந்தாலும் அதற்கு இப்போது மதிப்பில்லை. ஒருவர் கொடுத்த அதிகாரம் அவர் மரணத்தோடு முடிகிறது. இனிமேல் அந்த ஃபார்மில் யாராவது தேதியும் உங்கள் பெயரும் நிரப்பினால், இறந்துபோன மனிதர் இந்த வருடம் உங்களுக்குக் காரை விற்றதாக ஓர் ஆவணம் தயாராகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) போலி ஆவணம் தயாரிப்பது 336-ஆவது பிரிவு, அதைத் தெரிந்தே உண்மையானதுபோல் பயன்படுத்துவது 340. தயாரித்தவர் புரோக்கராக இருக்கலாம், பயன்படுத்தியவர் நீங்கள். ஃபார்ம் 30-ல் வாங்குபவர் என்ற இடத்தில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்துதானே.

"எல்லாரும் இப்படித்தானே சார் பண்றாங்க" என்பது நான் அதிகம் கேட்கும் வாக்கியம். வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவரும் அதைத்தான் சொன்னார். அவர் வாங்கியது ஒரு பழைய பத்மினி கார். புரோக்கர் வேலையைச் சுத்தமாக முடித்து ஸ்மார்ட் கார்டு ஆர்.சி. கையில் கொடுத்துவிட்டார். பிறகு பழைய உரிமையாளரின் பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு வந்தது. அப்பாவின் சொத்துப் பட்டியல் போடும்போது மகள் காரையும் கேட்டார். அவருடைய வக்கீல் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆர்.டி.ஓ. கோப்பை வாங்கிப் பார்த்தால், விற்பனைத் தேதி இறப்புச் சான்றிதழுக்கு ஏழு மாதம் பிந்தி இருந்தது. புகாரில் முதல் பெயர் புரோக்கர், இரண்டாவது பெயர் என் கட்சிக்காரர். முன்ஜாமீன் வாங்கினோம். அவர் அரசு ஊழியர் என்பதால் துறை விசாரணையும் சேர்ந்துகொண்டது. காருக்குக் கொடுத்ததைவிட அதிலிருந்து மீள அதிகம் செலவழித்தார். உங்களுடையது வங்கி வேலை என்பதால்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர், மற்றவர்கள் சம்மதத்தோடு தன் கையில் வைத்திருந்த பொருளை விற்றால், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு உரிமை வரும் என்று சரக்கு விற்பனைச் சட்டம் 28-ஆவது பிரிவு சொல்கிறது. நாளைக்கு மகள்கள் கேள்வி கேட்டால் உங்களுக்கு இருக்கும் ஒரே கேடயம் அதுதான். அதுவும் பலமானதில்லை, மகன் தனியாக விற்க முடியாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். இருந்தாலும் இன்றைக்கு அந்தக் கேடயம் கையில் இருக்கிறது. போலித் தேதி போட்ட ஃபார்ம் ஆர்.டி.ஓ. கவுன்ட்டருக்குள் போன நிமிடமே நல்லெண்ணம் என்ற சொல்லை நீங்கள் எந்தக் கோர்ட்டிலும் எடுக்க முடியாது.

அடுத்தது, காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். பால் வாங்கக்கூட எடுக்காதீர்கள். 2016-ல் இறந்தவர் பெயரில் இந்த வருடம் போட்ட பாலிசியை, ஒப்பந்தமே இல்லாத பாலிசி என்று கம்பெனி எடுத்த எடுப்பிலேயே சொல்லும். ஒரு ஸ்கூட்டர்காரர் உங்கள் முன் பம்பரில் பட்டுக் காலை உடைத்துக்கொண்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓட்டுநர் என்ற முறையில் நீங்கள் நிற்பீர்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனி கழன்றுகொள்ளப் பார்க்கும். பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனியைக் கொடுக்கச் சொன்னாலும், உங்களிடம் வசூலித்துக்கொள்ள அதற்கு உரிமை கொடுத்துத்தான் உத்தரவு வரும். சம்பளப் பிடித்தம் செய்து கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆர்.சி. காலாவதியாகவும் இருந்தால் (நீங்கள் எழுதவில்லை, 1970 கார் என்பதால் 5 வருடப் புதுப்பிப்பு எப்போது முடிந்தது என்று இன்றே பாருங்கள்) நிலைமை இன்னும் மோசம்.

மோசடி வழக்கு விஷயத்துக்கு வருவோம். போடலாமா என்றால் போடலாம், போடாதீர்கள் என்பது என் ஆலோசனை. எஃப்.ஐ.ஆர். பதிவானால் போலீஸ் முதலில் கைப்பற்றுவது உங்கள் ஹெரால்டைத்தான். இடைக்காலமாகத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டால் கோர்ட் பெரும்பாலும் யாரிடம் கொடுக்கும்? ஆர்.சி.யில் பெயர் இருப்பவரிடம். அவர் உயிரோடு இல்லை. வண்டிகளை ஸ்டேஷன் வளாகத்தில் போட்டு அழிய விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் எந்த ஸ்டேஷனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாலும் புல் முளைத்த கார்கள் நிற்கின்றன. ஏற்கெனவே துருப்பிடித்த தரை இரண்டு மழைக்காலம் வெட்டவெளியில் தாங்காது. அதற்கும் மேல், விசாரணையில் மெக்கானிக் முதலில் சொல்லப்போவது "டாக்டர் செத்துட்டார்னு சொல்லித்தான் சார் கொடுத்தேன்" என்பதைத்தான். உங்கள் கடிதமே அதை ஒப்புக்கொள்கிறது.

நுகர்வோர் ஆணையம்? மெக்கானிக் தொழிலாகவே பழைய கார் வாங்கி விற்பவர் என்றால் அவரை அங்கே இழுக்கலாம். மகன் வியாபாரி இல்லை, அவர் வரமாட்டார். மெக்கானிக்குக் கொடுக்கும் வக்கீல் நோட்டீஸில் அதை ஒரு வரியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வின்டேஜ் பதிவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது அரைகுறை. 2021-ல் வந்த விதிகளின்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருந்தால் மட்டும் போதாது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். உங்கள் காரில் இன்ஜினே வேறு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டி வாங்கினாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினமும் வங்கிக்குப் போய்வர முடியாது. முக்கியமாக, அது பதிவின் வகையை மாற்றுமே தவிர இறந்தவரிடமிருந்து உங்களுக்கு உரிமையை மாற்றாது. உரிமையாளர் யார் என்ற கேள்வி அங்கேயும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

சரி, என்ன செய்வது. முறையான வழி உங்களுக்கே தெரிந்திருக்கும்: இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மகள்கள் இருவரின் ஆட்சேபணையின்மைக் கடிதம், ஃபார்ம் 31-ல் மகன் பெயருக்கு மாற்றம், அப்புறம் மகன் உங்களுக்குப் புதிதாகப் போட்டுத் தரும் 29, 30. இத்தனை வருடத் தாமதத்துக்கு அபராதம் வரும், வரட்டும். மனிதர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். அதற்கு உங்கள் கையில் ஒன்று இருக்கிறது. வண்டியை யார் ஓட்டினாலும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்பா பெயரில் ஒரு கார் ஊரில் சுற்றினால், நாளைக்குத் தீர்ப்பாயத்து நோட்டீஸ் அப்பாவின் வாரிசுகள் என்று இந்த மூவர் வீட்டுக்கும்தான் போகும். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு இதை மரியாதையாக, மிரட்டல் தொனி இல்லாமல், பதிவுத் தபாலில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் கோபமாக எதையும் அனுப்பாதீர்கள். நீங்கள் திட்டி அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்தான் எதிர்த்தரப்பின் முதல் சான்றாக வரும்.

ஆனால் அந்த வழியில் இறங்கும் முன் மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இப்போது காரில் இருக்கும் இன்ஜினுக்கு பில் இருக்கிறதா? இல்லையென்றால் வாரிசுகள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டாலும் பயனில்லை. புதுப்பிப்புக்குப் போகும்போது இன்ஸ்பெக்டர் சேசிஸ் எண் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுப்பார், அப்புறம் இன்ஜின் எண்ணைப் பார்ப்பார். ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத எண்ணுக்கு, இந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அது திருட்டு வண்டியில் கழற்றியதாக இருந்துவிட்டால் பேச்சே வேறு. நீங்கள் அனுப்பிய போட்டோவில் சேசிஸ் எண் பொறித்த முன்பக்கத் தகட்டின் நாலு ரிவெட்டும் பளபளவென்று புதிதாக இருக்கின்றன, சுற்றியுள்ள இரும்பு மட்டும் பழசு. பெயின்ட் அடிக்கும்போது கழற்றி மாட்டியிருக்கலாம். வேறு காரின் தகடாகவும் இருக்கலாம், எனக்கு அது பிடிக்கவில்லை.

பில் இல்லையென்றாலோ, மகள்களில் ஒருவர் முடியாது என்று சொன்னாலோ, காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்குங்கள். 4 லட்சத்தை மறந்துவிடுங்கள், மன உளைச்சலுக்கு இந்த மாதிரி விற்பனையில் யாரும் பணம் தரமாட்டார்கள். ஜிபேயில் போன 1.60-க்குத்தான் உங்களிடம் சான்று இருக்கிறது, ரொக்கம் 80,000-க்கு ரசீது இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. மெக்கானிக் 2 லட்சம் தருகிறேன் என்றால் பேரம் பேசி இழுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். 1.80 என்றாலும் யோசிக்கலாம். சிவில் வழக்குப் போட மூன்று வருட அவகாசம் இருக்கிறது, ஆனால் அந்த மூன்று வருடமும் கார் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும், கட்டணங்கள் ஏறிக்கொண்டே இருக்கும். 20 வருடம் தாண்டிய கார்களுக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமே 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய்.

திருப்பிக் கொடுக்கும்போது முத்திரைத்தாளில் எழுதி, மெக்கானிக், மகன் இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். காரை ஒப்படைத்த தேதியும் நேரமும், கிலோமீட்டர் ரீடிங்கும், ஆர்.சி.யைத் திருப்பிக் கொடுத்ததும், காலி ஃபார்ம்களை அவர்கள் முன்னாலேயே கிழித்ததும் அதில் வர வேண்டும். பணம் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள்.