கடலூர் பக்கம் ஒரு ஏக்கரில் தேக்கு நட்டால் 15 வருடத்தில் ஒரு கோடி கிடைக்குமா?

கிடைக்காது. ஏக்கருக்கு 1,000 கன்று, மரம் 10,000 ரூபாய், ஆக ஒரு கோடி என்றுதான் உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். நட்ட ஆயிரத்தையும் கடைசிவரை நிற்கவிட்டால் ஒன்றும் பருக்காது.

பண்ருட்டி பக்கம் எங்கள் நிலம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அடுத்த மழைக்கு அப்பா ஒரு ஏக்கரில் ஆறரை அடி இடைவெளியில் தேக்கு நட்டார். ஆறாம் வருடம் ஒன்றுவிட்டு ஒன்று வெட்டிக் கலைக்க வேண்டும். அப்பாவுக்கு மனசு வரவில்லை. நான் சண்டை போட்டு மேற்குப் பாதியில் மட்டும் கலைத்தேன். இன்று நெஞ்சு உயரத்தில் டேப் சுற்றினால் மேற்கே 28 அங்குலம், கிழக்கே 20.

எட்டு அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். வியாபாரி சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, அங்குலத்தை அடியாக்க 144-ஆல் வகுப்பார். 28 என்றால் ஏழேழு 49, 20 என்றால் ஐயைந்து 25. பத்தடிக் கட்டைக்கு ஒன்று 3.4 கன அடி, மற்றது 1.7. கிழக்கே மரம் இரண்டு மடங்கு இருக்கிறதே, மொத்தம் சமமாகத்தானே வரும் என்று அப்பாவும் கேட்டார். கன அடி சமம்தான், விலை சமமில்லை. ஒல்லி மரத்தில் பெரும்பகுதி வைரம் ஏறாத வெளிறு, கழி விலைக்குத்தான் கேட்கிறார்கள். வைரம் பாய்ந்த மரம்தான் வாசல்நிலைக்கும் கதவுக்கும் போகும்.

விதை விஷயம். நேராக வளர்ந்த, இருபது வயது தாண்டிய மரத்து விதையாக இருக்க வேண்டும். ஓடு கெட்டி என்பதால் பகலில் வெயிலில் காய வைத்து இரவில் தண்ணீரில் ஊற வைத்து ஒரு வாரம் மாற்றி மாற்றிச் செய்தால்தான் முளைக்கும். அப்போதும் பாதி வந்தாலே நல்லது. அதனால் ஒரு வயது நாற்றில் வெட்டிய, கட்டைவிரல் கனமுள்ள வேர்க்குச்சியை வாங்கிவிடுங்கள். மழை ஈரத்தில் கடப்பாரையால் குழி போட்டு நட்டு, காற்று புகாமல் மிதித்துவிட வேண்டும். முதல் இரண்டு வருடம் நடுவில் மல்லாட்டையோ (நிலக்கடலை) உளுந்தோ போடலாம்.

நிலம் எங்கே என்று நீங்கள் சொல்லவில்லை. பண்ருட்டி, விருத்தாசலம் செம்மண் என்றால் தைரியமாக நடுங்கள். சிதம்பரம் பக்கத்துக் களிமண் வயல் என்றால் வேண்டாம், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அங்கே உயரமான வரப்பில் மட்டும் ஒரு வரிசை வைக்கலாம்.

பத்தாம் வருடம் வாக்கில் இன்னொரு முறை கலைத்து, கடைசியில் ஏக்கருக்கு 200, 250 மரம் நிறுத்தி, 20 முதல் 25 வருடம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வெட்டுமுன் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். கிழக்குப் பாதியை இந்தத் தையில் கலைக்கிறோம், இந்த முறை எந்த மரத்தை வெட்டுவது என்று சுண்ணாம்புக் குறி போட்டிருப்பது அப்பாதான்.