சொதி காய்ச்சத் தெரிந்த கைக்கு கிரீம் திரையாது

கேள்வி: நோர்வேயிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் தங்கையின் பிள்ளைகள் எங்கள் மீன்குழம்பை உறைப்பு என்று ஒதுக்கிவிட்டு, கிரீமில் சமைத்த 'லக்ஸ்' (சால்மன் மீன்) கேட்கினம். ரவுணில் உறைய வைத்த சால்மன் வாங்கிவந்து, மஞ்சளும் தேசிப்புளியும் பிரட்டி அரை மணித்தியாலம் ஊறவிட்டு, தாச்சியில் பொரித்தேன். பிறகு கிரீமும் இன்னும் கொஞ்சம் தேசிப்புளியும் விட்டுக் கால் மணித்தியாலம் கொதிக்க வைத்தேன். தோல் அடியில் ஒட்டிக் கழன்றது. மீனிலிருந்து வெள்ளையாக என்னவோ கசிந்தது. கிரீம் திரைந்து எண்ணெய் தனியே மிதந்தது. மீனோ சக்கை. எங்கே பிழைத்தது? வேலை முடிந்து வீட்டுக்கு வர ஆறு மணியாகும். அரை மணித்தியாலத்தில் முடிகிற முறையாகச் சொல்லுங்கள்.
– கோண்டாவில் வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் சால்மனை அறக்குளாக் குழம்பு வைப்பதுபோல வைத்திருக்கிறீர்கள். குழம்பில் மீன் புளியோடு கொதித்து உப்புப் புளி பிடிக்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். கிரீம் சமையலில் மீன் ஒரு வேலை, சோஸ் வேறொரு வேலை. இரண்டும் சட்டியில் சேர்ந்திருப்பது கடைசி இரண்டு மூன்று நிமிடம்தான்.

புளியிலிருந்து தொடங்குவோம். வெடுக்குப் போகட்டும் என்றுதான் தேசிக்காய் பிரட்டுகிறோம். ஆனால் அரை மணித்தியாலம் புளியில் கிடந்தால் சால்மனின் மேற்சதை நெருப்புக் காணாமலே வெந்ததுபோல வெளிறி, மாப்போல உதிரும். அந்தப் புளி மீனோடு கிரீமுக்குள்ளும் போகும். சோஸ் திரைந்ததற்கு அது பாதிக் காரணம், கொதிக்கிற கிரீமில் நீங்கள் திரும்பவும் விட்ட புளி மீதிக் காரணம். சொதிக்கு எப்போது தேசிப்புளி விடுவீர்கள்? அடுப்பால் இறக்கிய பிறகு. இங்கேயும் அதே சட்டம்தான்.

கசிந்த வெள்ளை பழுதல்ல. முட்டை வெள்ளைக்கருவைப் போல, சதைக்குள் கரைந்திருக்கும் ஒரு புரதம் அது. சூடு ஏற ஏறச் சதை சுருங்கி அதை வெளியே பிழிந்து தள்ளும், வெளியே வந்ததும் உறைந்துவிடும். தின்னலாம், கேடில்லை. ஆனால் அது நிறையக் கசிந்தால் நெருப்புக் கூடிவிட்டது, அல்லது நேரம் கூடிவிட்டது என்று அர்த்தம். சக்கையானதும் அதனால்தான்.

இனி முறை. நான்கு பேருக்குத் தோலோடு 150 கிராம் அளவில் 4 துண்டு. தடிப்பான இடம் இரண்டரை சென்ரிமீற்றர் என்று வைத்துத்தான் கீழே நேரம் சொல்கிறோம், மெல்லிய வால் துண்டுக்கு அதில் பாதி போதும்.

முதல்நாள் இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்து, பிறிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கோப்பையில் வையுங்கள். காற்று உறிஞ்சி ஒட்டிய பக்கற் என்றால் வைப்பதற்கு முன்னமே ஒரு மூலையை வெட்டிவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு வகைக் கிருமி பிறிட்ஜின் குளிரிலும் பெருகி நஞ்சு உண்டாக்கக்கூடியது, ஆகவே இதை மறக்க வேண்டாம். இரவு எடுத்து வைக்க மறந்துவிட்டால், துண்டுகளை வேறொரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்துங்கள், ஒரு மணித்தியாலத்தில் இளகிவிடும். கூரைத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் நம் வெயிலில் கைசுடும், ஆகவே கிணற்றுத் தண்ணீர் எடுத்து ஐஸ்கட்டி நாலைந்து போடுங்கள். குசினி மேசையில் வைத்து இளக விடுவது யாழ்ப்பாணத்துச் சூட்டுக்குச் சரிவராது.

இளகிய மீனின் சதைமேல் விரலை ஓடவிட்டால், நடுவுக்குச் சற்று மேலே ஊசிமுள் வரிசை தட்டுப்படும். புருவம் திருத்தும் சாமணத்தால் முள் சரிந்திருக்கும் பக்கமாகவே இழுங்கள். நேரே மேலே இழுத்தால் சதை கிழியும்.

அரை லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் மட்டமாக 2 மேசைக்கரண்டி உப்புக் கரைத்து மீனை 10 நிமிடம் போடுங்கள், அதற்குமேல் வேண்டாம். உப்புத்தண்ணீர் மேற்சதையை இளக்கி வைப்பதால் வெள்ளை கசிவது நன்றாகக் குறையும், உப்பும் ஒரே சீராகப் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் சின்ன வெங்காயம் 6, உள்ளி 4 பல், பச்சை மிளகாய் 1 ஆகியவற்றைப் பொடியாக வெட்டி முடிக்கலாம். பிள்ளைகளுக்கு உறைக்கும் என்றால் மிளகாயை இரண்டாகக் கீறிப் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துவிடுங்கள்.

மீனை எடுத்து ரிஷ்யூத் தாளால் ஒற்றி ஒற்றி, தோல் பக்கம் கையில் ஈரம் ஒட்டாத அளவுக்குத் துடையுங்கள். தோல் ஒட்டிக் கழன்றதற்கு முதற் காரணம் ஈரம். தாச்சியின் குழிந்த அடியும் ஒரு காரணம், துண்டு எல்லா இடமும் அதில் படாது. தட்டை அடியுள்ள நொன்ஸ்ரிக் சட்டி நல்லது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை நடுத்தர நெருப்பில் காய விட்டு, தோல் கீழே இருக்க மீனை வைத்து, சுருண்டு எழும்பாமல் பத்து விநாடி தட்டகப்பையால் அமத்துங்கள். பிறகு நாலைந்து நிமிடம் தொடவே வேண்டாம். தோல் முறுகினால் தானாகக் கழன்றுவரும். வராவிட்டால் இன்னும் முறுகவில்லை, அந்த நேரத்தில் கிளப்பப் போய்த்தான் கிழிகிறது. பக்கவாட்டில் பார்த்தால் சதை கீழிருந்து நிறம் மாறி ஏறுவது தெரியும். முக்கால்வாசி ஏறியதும் திருப்பி ஒரு நிமிடம், அவ்வளவுதான். நடு இன்னும் வேகாமலே தட்டில் எடுத்து வையுங்கள்.

சட்டியில் மிஞ்சிய எண்ணெயை ஊற்றிவிட்டு நெருப்பைக் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி பட்டரில் வெங்காயத்தையும் உள்ளியையும் பச்சை மிளகாயையும் வதக்குங்கள். உள்ளி சிவந்தால் கைக்கும், வாசம் வந்ததும் போதும். அரைக் கோப்பை தண்ணீர் விட்டு, அடியில் பிடித்திருப்பதைச் சுரண்டிக் கரைத்து, பாதியாக வற்றவிடுங்கள். மீனின் ருசி சோஸுக்கு வருவது அந்த அடியிலிருந்துதான். பிறகு 200 மில்லிலீற்றர் கிரீம், ஒரு தேக்கரண்டி கடுகு கிரீம் (மஸ்ரட்), கால் தேக்கரண்டி மிளகுதூள். கடுகு கிரீம் ருசிக்கு மட்டுமல்ல, கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கவும் உதவும். மெல்லிய கொதியில் நாலைந்து நிமிடம் துழாவுங்கள். அகப்பையின் பின்பக்கத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். இப்போதுதான் மீன் உள்ளே போகலாம். தோல் மேலே இருக்க வைத்து, சோஸை மேலே ஊற்றாமல் சுற்றிவர விட்டு, மெல்லிய நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம். இறக்கி வைத்து 2 தேக்கரண்டி தேசிப்புளி.

வெந்ததா என்று அறிய, கத்தி நுனியைத் தடிப்பான இடத்தில் குத்தி மூன்று விநாடி வைத்து எடுத்துக் கீழுதட்டில் தொட்டுப் பாருங்கள், நன்றாகச் சுட்டால் சரி. வெப்பமானி இருந்தால், உணவுப் பாதுகாப்புக்குச் சொல்லப்படும் அளவு நடுவில் 63 பாகை செல்சியஸ். உணவகங்களில் 50 பாகையை ஒட்டியே எடுத்துவிடுவார்கள், மெதுமை அதில்தான் கூட. ஆனால் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடும் வீட்டில் 63 என்றே வையுங்கள். பண்ணையில் வளர்த்த சால்மனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 13 கிராம் கொழுப்பு உண்டு, அந்த அளவுக்கு வெந்தாலும் ஈரம் முழுதும் போகாது. சக்கையாவது அதையும் தாண்டிப் போகும்போதுதான்.

கிரீம் வாங்குவதில் கவனம். கேக்குக்கு அடிக்கும் விப்பிங் கிரீம் பல தாவரக் கொழுப்பில் செய்து சீனி சேர்த்தவை. அதை விட்டால் மீன் பாயசமாகும். பெட்டியின் பின்பக்கத்தில் சீனி என்று இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். பாற்கொழுப்பு 35 வீதமும் அதற்கு மேலும் உள்ளது கொதியையும் கொஞ்சப் புளியையும் தாங்கும். கொழுப்புக் குறைந்ததும் பசும்பாலும் தாங்கா. 'குக்கிங் கிரீம்' என்று வருவது கொழுப்புக் குறைந்ததானாலும் பெரும்பாலும் பிரியாதபடி ஏதாவது சேர்த்தே வரும், அதுவும் சரி.

கிரீமே அகப்படாத நாளில் பாதித் தேங்காயில் ஒரு கோப்பை தடித்த முதற்பால் எடுங்கள். முதற்பாலைக் கொதிக்க வைத்து வற்ற விட முடியாது, பிரிந்துவிடும். ஆகவே தடிப்புக்கு ஒரு தேக்கரண்டி சோளமாவை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பாலோடு சேர்த்து, துழாவிக்கொண்டே சூடாக்கி, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் நெருப்பை மிகக் குறைத்து, மேலே சொன்னபடி மீனை உள்ளே வைத்து, வெந்ததும் அணையுங்கள். கடுகு கிரீம் வேண்டாம், கறிவேப்பிலையும் ஒரு துண்டு இரம்பையும் போடுங்கள். ருசி சொதிப் பக்கம் சாயும். பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள், ஆனால் மிச்சம் வைக்கமாட்டார்கள்.

நோர்வேயில் சால்மனோடு சேரும் பச்சிலையான டில் வேறொன்றுமில்லை, நம் சதகுப்பைதான். பச்சை இலை கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் விதையில் கால் தேக்கரண்டியை நசுக்கிப் பட்டரோடு வதக்குங்கள். அதற்குமேல் போட்டால் பேறுகால மருந்து மணக்கும்.

சால்மன் விலைக்கு மாதம் ஒருமுறைதான் கட்டும் என்றால் இதே முறைக்குக் கொடுவா மிகப் பொருத்தம், தோலும் நன்றாக முறுகும். விளைமீனும் பாரையும் சரி, ஆனால் கொழுப்புக் குறைவு, சோஸுக்குள் இருக்கும் நேரத்தில் ஒரு நிமிடத்தைக் குறையுங்கள். சூரை வேண்டாம். கருஞ்சதை கிரீமைச் சாம்பல் நிறமாக்கும். 'சமன்' என்று கடையில் கேட்டுக் கிடைக்கும் ரின் மீன் பெரும்பாலும் சால்மனே அல்ல. அதைப் போடுவதானால் தண்ணீரை வடித்து, சோஸ் தடித்த பிறகு சூடேற மட்டும் போடுங்கள்.

சாப்பிட இடியப்பம் நல்லது, வாட்டிய பாணும் நல்லது. புட்டு வேண்டாம், நாலு பேருக்கு வைத்த சோஸை ஒரு குழல் புட்டே குடித்துவிடும். மிஞ்சியதை ஒரு மணித்தியாலத்துக்குள் பிறிட்ஜில் வைத்து, மறுநாள் இரண்டு கரண்டி பால் சேர்த்து மெல்லிய நெருப்பில், மூடி போட்டு, நன்றாகச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் சோஸ் பிரியும், வெடுக்கு வீடு முழுக்க நிற்கும்.