ரத்த குரூப் வேறாக இருந்தால் போதுமா?

மரபணு நோய்கள், பரிசோதனைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மரபியல் ஆலோசகர் பதிலளிக்கிறார்.

எனக்கு அத்தை மகனைப் பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கும் சம்மதம்தான். ஆனால் 'சொந்தத்தில் கட்டினால் பிள்ளை குறையோடு பிறக்கும்' என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். வீட்டிலோ, 'ரெண்டு பேருக்கும் ரத்த குரூப் வேற வேற, ஒண்ணும் ஆகாது' என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகி, ராசிபுரம்

இரண்டுமே சரியில்லை, தங்கச்சி. முதலில் ரத்த குரூப். என்னிடம் வரும் சொந்தக்கார ஜோடிகளில் பெரும்பாலோர் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஏ, பி, ஓ வகையைத் தீர்மானிப்பது ஒரே ஒரு ஜீன். மனிதருக்கு இருப்பதோ ஏறக்குறைய 20,000 ஜீன்கள். கூடப் பிறந்த அண்ணன் தங்கைக்கே குரூப் மாறியிருக்கிறது. அதை வைத்து மற்ற ஜீன்களைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது.

ஏறக்குறைய எல்லா ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பல நோய்களில் ஒரு பிரதி பழுதானாலும் இன்னொன்று சமாளித்துவிடும். அப்படிப்பட்டவரைத்தான் கேரியர் என்கிறோம். அவருக்கு உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஒரே பழுதுள்ள இரண்டு கேரியர்கள் மணம் செய்யும்போதுதான் சிக்கல். நீங்களும் உங்கள் அத்தை மகனும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். உங்கள் இருவருக்கும் எட்டில் ஒரு பங்கு ஜீன்கள் பொதுவாக இருக்கும். தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்தால் அது நான்கில் ஒரு பங்கு. சொந்தமில்லாத தம்பதிகளுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 2, 3 பேருக்குப் பிறவிக் கோளாறு இருக்கிறது. அத்தை மாமன் பிள்ளைகள் மணந்துகொண்டால் 4 முதல் 6 வரை. நிஜமான ஆபத்துதான், ஆனால் தோழிகள் சொல்லும் அளவுக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுத்த குடும்பமென்றால் கணக்கு இன்னும் ஏறும்.

அதனால்தான் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்வேன். வெள்ளைத்தாளில் குடும்ப மரம் வரைவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு. 'என் நாத்தனாருக்கு ரெண்டு புள்ளைங்க ஒரு வயசு தாண்டல' என்பது பாட்டி சொல்லித்தான் வெளியே வரும். எந்தப் பரிசோதனையைச் செய்வது என்பதை அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். உறவே இல்லாவிட்டாலும், சின்னச் சமூகம் ஒன்று பல நூற்றாண்டுகளாகத் தனக்குள்ளேயே மணம் செய்துகொண்டால் இதே பிரச்சினை வரும். ஐதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு நிலைய விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு தெற்காசியாவின் பல சமூகங்களில் இதைக் காட்டியது. அதனால் 'நாங்க சொந்தம் இல்லையே' என்பவர்களும் கல்யாணத்துக்கு முன் தலசீமியா (ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) கேரியர் பரிசோதனையாவது செய்துகொள்வது நல்லது.

என் மகனுக்கு நான்கு வயது. தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். 'உன் வீட்டு ரத்தத்தில் வந்த கேடு' என்கிறார் மாமியார். ஐவிஎஃப் என்ற செயற்கைக் கருத்தரிப்பு மூலம், இவனுக்கு எலும்பு மஜ்ஜை பொருந்துகிற மாதிரி இன்னொரு குழந்தை பெறலாம் என்கிறார் டாக்டர். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையைப் பெறுவது பாவமில்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், தருமபுரி மாவட்டம்

அம்மா, உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுவதற்காகவே இதை முதலில் எழுதுகிறேன். உங்கள் மகனுக்கு இருக்கும் பீட்டா தலசீமியா மேஜர் தாயிடமிருந்து மட்டும் வருவதில்லை. பழுதான பிரதி உங்களிடமிருந்து ஒன்று, உங்கள் கணவரிடமிருந்து ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் நோய். உங்கள் கணவரின் ரத்தப் பரிசோதனைத் தாளில் எச்பிஏ2 (ஒருவகை ஹீமோகுளோபின்) என்று ஒரு வரி இருக்கும். கேரியர் என்றால் வழக்கமாக அது 3.5 சதவீதத்துக்கு மேல் போயிருக்கும். உங்கள் தாளிலும் அப்படியே. அவருக்கும் அது அவருடைய தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்ததுதான். இதில் குற்றவாளி யாரும் இல்லை. மருமகளைக் குற்றவாளியாக்கிவிட்டு அந்தப் பரிசோதனைத் தாளைப் பீரோவில் பூட்டி வைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நீங்கள் கருவுறும் ஒவ்வொரு முறையும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. 'ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது' என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்கும். ரத்தத்தை உருவாக்குவது எலும்பு மஜ்ஜைதான்; கூடப்பிறந்த குழந்தையின் மஜ்ஜை முழுதாகப் பொருந்தவும் நான்கில் ஒரு வாய்ப்புதான். நோய் இல்லாமலும் இருக்க வேண்டும், பொருந்தவும் வேண்டும் என்றால் பதினாறில் மூன்று. இயற்கையாகக் கருத்தரித்து அதற்காகக் காத்திருப்பது மிகவும் கஷ்டம். ஐவிஎஃப் முறையில் ஐந்தாறு நாள் வளர்ந்த கருவின் வெளி அடுக்கிலிருந்து சில செல்களை எடுத்து, இரண்டையும் முன்கூட்டியே பார்க்கலாம். இப்படித் தேர்ந்தெடுத்த குழந்தை 2000-ல் அமெரிக்காவில் பிறந்தது. ரத்தத்தை உருவாக்கும் செல்கள் உள்ள அதன் தொப்புள்கொடி ரத்தம் அக்காவைக் காப்பாற்றியது. அகமதாபாத்தில் இப்படிப் பிறந்த தங்கையின் மஜ்ஜை, 2020-ல் தலசீமியா இருந்த அண்ணனுக்குச் செலுத்தப்பட்டது. தெரிந்த மரபணு நோய்க்காகக் கருவைச் சோதிக்க 2021-ம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆணா பெண்ணா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தடை இருக்கிறது.

பாவமா என்று கேட்டீர்கள். நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டேன். வயதான காலத்தில் துணைக்கு, சொத்துக்கு வாரிசு, மூத்தவனுக்கு விளையாட ஆள் என்று எத்தனையோ காரணங்களுக்காக ஊரே பிள்ளை பெறுகிறது. அண்ணனின் உயிருக்காக என்பது அவற்றைவிடக் கீழான காரணம் அல்ல. ஆனால் மூன்று விஷயங்களை நீங்களும் கணவரும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். தொப்புள்கொடி ரத்தம் எடுத்தால் குழந்தைக்கு வலி இல்லை, ஆனால் அதில் கிடைக்கும் செல்கள் போதாமல் போகலாம். அப்போது சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி போட வேண்டிவரும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும்; ஆனாலும் 'எடுத்துக்கொள்' என்று அந்தக் குழந்தை சொல்லவில்லை, நீங்கள் சொல்கிறீர்கள். அடுத்து, நோயே இல்லாமல், அண்ணனுக்குப் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கப்படும் கருக்கள் இருக்கும். அவற்றை என்ன செய்வது என்பதை முன்பே முடிவுசெய்ய வேண்டும். கடைசியாக, எல்லோரிடமும் நான் கேட்கும் கேள்வி. சிகிச்சை பலிக்காமல் போனால், இந்தக் குழந்தை உங்களுக்கு எப்போதும் போல் செல்லப் பிள்ளைதானே? இருவரும் யோசிக்காமல் 'ஆமாம்' என்றால் மேலே போகலாம். தயக்கம் இருந்தால் காத்திருங்கள்.

ஊசிகளும் ஸ்கேன்களும் முட்டை எடுக்கும் வலியும் உங்கள் உடம்புக்கு. ஆகவே 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கே. மஜ்ஜை தானம் செய்வோரின் பதிவேடுகளில் பொருந்துகிறவர் கிடைக்கிறாரா, பெற்றோரின் பாதிப் பொருத்த மஜ்ஜை உதவுமா என்றும் கேளுங்கள். ஒழுங்காக ரத்தம் ஏற்றி, சேரும் இரும்பை மருந்தால் வெளியேற்றி, வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஜீனை எடிட் செய்து அழகும் அறிவும் உள்ள பிள்ளைகளைப் பெறும் காலம் வந்துவிட்டதா? சீனாவில் செய்துவிட்டார்களாமே?
– கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, சீனாவில் நடந்தது அதுவல்ல. 2018 நவம்பரில் ஹெ ஜியான்குய் என்ற ஆய்வாளர், ஜீனை வெட்டி மாற்றும் கிரிஸ்பர் முறையில் சிசிஆர்5 என்ற ஜீனை மாற்றிய இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். எச்ஐவி தொற்றாமல் தடுப்பதுதான் நோக்கம் என்றார். ஆனால் தகப்பனுக்கு எச்ஐவி இருந்தாலும் குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க ஏற்கனவே வழி இருக்கிறது. தேவையே இல்லாத ஒன்றைக் கேட்கத் தெரியாத குழந்தைகளின் உடம்பில் செய்து பார்த்தார். அந்த மாற்றம் அவர்களின் பேரப்பிள்ளைகள் வரை போகலாம். 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. நியாயமான தண்டனை.

அதே கிரிஸ்பர் நல்ல வேலையும் செய்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது நமக்கு வேறுவகை ஹீமோகுளோபின் இருக்கும். பிறந்த சில மாதங்களில் உடம்பு அதை நிறுத்திவிடும். தலசீமியாவோ, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகும் சிக்கிள் செல் என்ற பரம்பரை நோயோ உள்ளவரின், ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, அந்த நிறுத்தத்தை நீக்கித் திரும்பச் செலுத்துகிறார்கள். காஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் (முதலில் சிக்கிள் செல்லுக்கு மட்டும்) அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. மாற்றம் அந்த நோயாளியோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். மேலே எழுதிய தருமபுரித் தாயை நினைத்துப் பாருங்கள். அழகுப் பிள்ளையைவிட எனக்குப் பெரிய கவலை இந்த விலைதான்.

உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 54 லட்சம் பேரை ஆராய்ந்து 2022-ல் வெளிவந்த ஆய்வு, அதில் 12,000-க்கு மேற்பட்ட மரபணு வேறுபாடுகளுக்குப் பங்கு உண்டு என்றது. அறிவு அதைவிடச் சிக்கலானது. அழகையும் அறிவையும் விற்க வருகிறவரை நம்பாதீர்கள்.

என் தாத்தா ஹன்டிங்டன் நோயால் இறந்தார். அம்மாவுக்கு 48 வயது, டெஸ்ட் எடுக்கவே மாட்டேன் என்கிறார். எனக்கு 26. பெண் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். எடுக்கலாமா?
– வாசகர், கோவை

உங்கள் கேள்வி கடினமானது, தம்பி. மூளை நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் இந்த நோய் பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். குணப்படுத்த மருந்து இல்லை. பழுதான ஒரு பிரதி போதும், நோய் வந்துவிடும். அம்மாவுக்கு இரண்டில் ஒன்று, உங்களுக்கு நான்கில் ஒன்று. ஆனால் உங்களுக்கு 'உண்டு' என்று வந்தால், அம்மாவுக்கும் உண்டு என்று ஆகிவிடும். அவர் வேண்டாம் என்று மூடி வைத்த கதவை நீங்கள் திறந்துவிடுவீர்கள்.

நான்சி வெக்ஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் தாய்க்கு இந்த நோய். வெனிசுவேலாவில் மரகைபோ ஏரிக்கரையில் இந்நோய் பரவிக் கிடந்த பெரிய குடும்பங்களின் ரத்தத்தைச் சேகரித்து, ஆய்வைப் பல ஆண்டுகள் நடத்தியவர் அவர். அந்த ஆய்வின் துணையோடு ஜீன் இருக்கும் இடம் 1983-ல் தெரிந்தது, ஜீனே 1993-ல் பிடிபட்டது. பரிசோதனைக்கு வழி திறந்தவரே, தனக்கு அது இருக்கிறதா இல்லையா என்று பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. தனக்கும் அந்த நோய் இருப்பதாக அவர் சொன்னது 2020-ல். அறியாமல் இருப்பதும் ஒருவருடைய உரிமை என்பதற்கு இதைவிட மரியாதையான உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் உரிமையும் குறைந்ததல்ல. நீங்கள் பதினெட்டைத் தாண்டியவர், அம்மா அனுமதி தர வேண்டியதில்லை. ஆனால் முடிவு எதுவாக வந்தாலும் அவரிடம் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பதை ஆலோசகரோடு முன்பே பேசுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவார் என்றால், இப்போதே அவரிடம் 'நான் எடுக்கப்போறேன், உங்களுக்குச் சொல்லட்டுமா வேண்டாமா?' என்று கேட்டுவிடுவதே நேர்மை. ரத்தம் கொடுத்த பிறகும் ரிசல்ட் வேண்டாம் என்று சொல்லலாம். பலர் அப்படித் திரும்பிப் போயிருக்கிறார்கள், நான் தடுத்ததில்லை.

வரப்போகும் பெண் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். டெஸ்ட் எடுக்காமல் இருக்கலாம். ஆனால் தாத்தாவின் நோயை மறைத்துத் தாலி கட்டக் கூடாது. அவர் தன் வாழ்க்கையை ஒப்படைக்கிறார். தெரிந்துதான் ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் பழங்குடி ஊர்களில் சிக்கிள் செல் முகாம் நடத்தி ரத்தம் எடுத்தார்கள். கேரியர் என்று அட்டை வந்த பெண்களை இப்போது யாரும் பெண் கேட்டு வருவதில்லை. ஆண்கள் அட்டையை ஒளித்துவிடுகிறார்கள். முகாமே வேண்டாம் என்கிறது ஊர். என்ன சொல்வது?
– ஆசிரியை, கூடலூர்

டீச்சர், முகாம் தேவைதான். இந்தியாவில் சிக்கிள் செல் கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952-ல் உங்கள் நீலகிரி மலை மக்களிடம்தான். 2023-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. பச்சைக் குழந்தையிலேயே நோய் தெரிந்தால் மருந்து கொடுத்து உயிரைக் காக்கலாம்.

ஆனால் அட்டையை மட்டும் நீட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை 1970-களிலேயே கிரேக்க நாட்டின் ஓர்கோமெனோஸ் என்ற ஊர் காட்டிவிட்டது. கேரியரும் கேரியரும் மணக்காமல் தடுக்கத்தான் அங்கே பரிசோதித்தார்கள். நடந்ததோ கேரியர்களை எல்லோருமே ஒதுக்கியது. பலர் தங்கள் முடிவை மறைத்தே கல்யாணம் செய்தார்கள். உங்கள் ஊரில் சொல்ல வேண்டியது இதுதான்: கேரியர் நோயாளி இல்லை. கேரியர் பெண், கேரியர் இல்லாத ஆணை மணந்தால் ஒரு பிள்ளைக்கும் இந்த நோய் வராது. ஆகவே பெண்ணின் அட்டையைக் கேட்கிற வீடு முதலில் மாப்பிள்ளையின் அட்டையைக் காட்டட்டும். இதை ஆண்களை உட்காரவைத்துச் சொல்லுங்கள். அட்டையை ஊர்க் கூட்டத்தில் பேர் படித்துக் கொடுக்காமல், அவரவர் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி முகாம்காரர்களிடம் வலியுறுத்துங்கள்.

எடுத்த ரத்தம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர், சர்க்கரை நோய் ஆய்வுக்கு என்று நினைத்து 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதை மனநோய், உள்மணம், மூதாதையர் இடப்பெயர்ச்சி பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினார்கள். 2003-ல் அந்த இனத்துப் பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வழக்கு நடந்து, 2010-ல் 7 லட்சம் டாலரும் மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு என்றால் புரிகிற மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அடுத்த முகாமில் கையெழுத்து வாங்கும் தாளை முதல் நாளே கேட்டு வாங்கி, அவர்கள் பேசும் மொழியில் நீங்களே சத்தமாக வாசித்துச் சொல்லுங்கள். 'சிகிச்சைக்கு மட்டும், ஆராய்ச்சிக்கு வேண்டாம்' என்று சொல்ல விரும்புகிறவருக்கு அந்தத் தாளில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிவிட்டு, அதன்பிறகு கை நீட்டட்டும்.