கிரைண்டர் இரைச்சலை அளக்க ஓர் அறை

கேள்வி: வெட் கிரைண்டர் மோட்டார் செய்யறோமுங்க. இரைச்சல் அளக்க எதிரொலி இல்லாத அறை கட்டோணும். சுவர்ல 10 செ.மீ. நுரைப்பஞ்சு ஒட்டினாப் போதுமுங்களா?
– பட்டறைக்காரர், கணபதி, கோவை

பதில்: போதாதுங்க. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் வரும். அதன் அலைநீளம் சுமார் 3.43 மீட்டர். ஆப்பு வடிவப் பஞ்சின் ஆழம் அதில் கால் பங்கு, அதாவது 86 செ.மீ. வேண்டும். 10 செ.மீ. பஞ்சு கீச்சொலியை மட்டுமே விழுங்கும். 6 மீட்டர் அறையில் இருபுறமும் ஆப்பு போக மிஞ்சுவது 4.28 மீட்டர்தான், இடத்தை முதலில் கணக்குப் போடுங்கள். நுரை எளிதில் தீப்பிடிக்கும். துணி உறையிட்ட கண்ணாடிக் கம்பளியே நல்லது.

தரைக்குப் பஞ்சு வேண்டாம், வெறும் கான்கிரீட் போதும். ஆனால் அந்தத் தரை சுவரைத் தொடாமல் ரப்பர் மெத்தைகள்மேல் தனியாக நிற்க வேண்டும். வார்க்கும்போது சிமென்ட் பால் ஓரத்து இடுக்கில் இறங்கி இறுகினால், பக்கத்து லேத்தின் அதிர்வு அப்படியே ஏறிவரும். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஓரமெல்லாம் பாலித்தீன் தாள் மடித்து ஏற்றிவிட்டுக் கான்கிரீட்டை ஊற்றுங்கள். கதவின் உட்புறமும் ஆப்பு வேண்டும்.

முடிந்ததும் நடுத்தரையில் சிறு ஒலிபெருக்கி வைத்து, மைக்கை 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்த்துங்கள். ஒலி அளவு 6 டெசிபல் குறைய வேண்டும். 4 மட்டுமே குறைந்தால் எங்கோ ஒலி திரும்புகிறது. விளக்குச் சட்டத்தையும் கதவோரத்தையும் பாருங்கள்.