கமல்பூர் சண்டை: தேதிக் குழப்பம்

1971 வங்கதேச விடுதலைப் போரில் பாகிஸ்தான் ராணுவம் வைத்திருந்த கமல்பூர் எல்லைச் சாவடி விழுந்த நாள் ஜூலை 31-ஆ, நவம்பர் 14-ஆ, டிசம்பர் 4-ஆ என்று உங்கள் கட்டுரைக்காகக் கேட்டிருந்தீர்கள். மூன்றும் சரியான தேதிகள்தான், நிகழ்வுகள்தான் வேறு. சாவடி பணிந்தது 1971 டிசம்பர் 4 அன்று.

ஜூலை 31 தாக்குதலை நடத்தியது வங்கதேச விடுதலைப் படையின் ஒரு பிரிவான, ஜியாவுர் ரஹ்மானின் இசட் படையைச் சேர்ந்த முதலாவது கிழக்கு வங்க ரெஜிமென்ட். மழை, கும்மிருட்டு, சேறு. வீரர்கள் அணிவகுத்து முடிப்பதற்குள் பீரங்கிக் குண்டுவீச்சு தொடங்கிவிட்டது. குண்டுவீச்சும் பாய்ச்சலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகாவிட்டால், பதுங்குகுழியில் இருப்பவன் தலைதூக்க நேரம் கிடைத்துவிடும். முன்னால் கண்ணிவெடி, முள்கம்பி வேறு. தாக்கிய ரெஜிமென்ட்டின் கேப்டன் சலாவுதீன் மும்தாஜ் அங்கேதான் இறந்தார்.

நவம்பர் 14: விடுதலைப் படையின் 11-ஆம் செக்டர் (போர்ப் பகுதி) தளபதி அபு தாஹர் தன் கால் ஒன்றை இழந்த நாள். கடைசியில் சாவடியைப் பணியவைத்தது நேரடிப் பாய்ச்சல் அல்ல, முற்றுகை. பக்ஷிகஞ்ச் சாலையை அடைத்ததும் உணவும் தோட்டாவும் வருவது நின்றது. சாவடியின் பாகிஸ்தான் தளபதி கேப்டன் அஹ்சன் மாலிக் சரணடைந்தார்.

வரைபடத்தில் மேகாலயாவின் மகேந்திரகஞ்சைத் தேடுங்கள். அதற்கு எதிரே இருப்பதுதான் உங்கள் கமல்பூர். திரிபுராவிலும் ஒரு கமல்பூர் உண்டு. பலர் சறுக்குவது இங்கேதான்! அதன் எதிர்ப்புறம் தலாய் சாவடி. விடுதலைப் படைச் சிப்பாய் ஹமீதுர் ரஹ்மான் அக்டோபர் 28 அன்று இறந்த சண்டை அது. உங்கள் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் இரண்டும் கலந்திருக்கின்றன, பிரித்துவிடுங்கள்.