பர்மிங்காமில் கலைத்துத் திரும்பிய ஃபுட்பால் அணி: மாணவர் சேர்க்கை அதனால்தான் கூடியதா? (கேள்வி பதில்)

அமெரிக்காவின் தென்பகுதியில், நடுத்தர அளவுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகம், அதாவது யூ.ஏ.பி., தன் ஃபுட்பால் அணியை 2014-இல் கலைத்து 2017-இல் மீண்டும் களமிறக்கிய கதையைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ‘ஃபுட்பால்’ என்று நான் எழுதுவது அமெரிக்கர்களின் ஆட்டத்தை. அதில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும் என்பதால், நம் கால்பந்து என்ற சொல்லை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஐயா, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அணியை ஏன் கலைத்தார்கள்? (டாலஸிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்)

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. 1991-இல் கீழ்ப்படியில் தொடங்கிய அணி, ஐந்தே ஆண்டுகளில், 1996-இல், உச்சப் பிரிவுக்கு ஏறியது. ஆனால் அதன் பிறகு 2004-இல் ஹவாயில் ஆடிய ஒரே ஒரு பருவ இறுதிச் சிறப்பாட்டத்தைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, அந்த ஆட்டத்திலும் தோல்வி. 1927-இல் திறக்கப்பட்ட லீஜன் ஃபீல்டு என்ற பழைய அரங்கில் 71,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள் உண்டு. நான் ஒருமுறை அங்கே போனபோது, பயிற்சியாளர் எல்லைக்கோட்டருகே நின்று கத்துவது மேல்வரிசை வரைக்கும் கேட்டது, அவ்வளவு வெறிச்சோடிக் கிடந்தது அரங்கு.

2014-இல் புதிய பயிற்சியாளராக வந்த பில் கிளார்க், ஆறு வெற்றி, ஆறு தோல்வி என்று அணியை நிமிர்த்தினார். அந்தப் பருவம் முடிந்த கையோடு, டிசம்பர் 2 அன்று, பல்கலைக்கழகத் தலைவர் ரே வாட்ஸ் அணியைக் கலைப்பதாக அறிவித்தார். பௌலிங், ரைஃபிள் அணிகளும் அதோடு போயின. 1995-இல் கலிபோர்னியாவின் பசிபிக் பல்கலைக்கழகம் கைவிட்ட பிறகு, உச்சப் பிரிவில் ஓர் அணி இப்படி மூடப்பட்டது அதுவே முதல் முறை. சொல்லப்பட்ட காரணம் பணம். விளையாட்டுத் துறையின் ஆண்டுச் செலவு சுமார் 3 கோடி டாலர், அதில் ஏறக்குறைய 2 கோடியைப் பல்கலைக்கழகமே கையிலிருந்து போடுகிறது, மற்ற அணிகளோடு சரிசமமாக நிற்க அடுத்த ஐந்து ஆண்டுகளில் இன்னும் 4 கோடியே 90 இலட்சம் தேவைப்படும் என்று ஆலோசனை நிறுவனம் ஒன்று கணக்குக் கொடுத்திருந்தது.

கேள்வி: அந்தக் கணக்கு சரியா? ஆறே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டார்களே! (நியூஜெர்சியிலிருந்து ஒரு கணக்காயர்)

உங்கள் தொழிலுக்கு ஏற்ற கேள்வி, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். உச்சப் பிரிவில் ஓர் அணி 85 ஆட்டக்காரர்களுக்கு முழு உதவித்தொகை தரலாம் என்பது அப்போதைய வரம்பு. ஏட்டில் இது எப்படி ஏறும் தெரியுமா? ஒவ்வோர் ஆட்டக்காரரின் படிப்புக் கட்டணத்தையும் முழு விலையில் விளையாட்டுத் துறை பல்கலைக்கழகத்துக்குச் செலுத்துவதாக எழுதுவார்கள். வெளிமாநில மாணவர் என்றால் வெளிமாநிலக் கட்டணம், அது உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பன்மடங்கு. ஒரே வீட்டில் ஒரு சட்டைப்பையிலிருந்து எடுத்து மறு சட்டைப்பையில் போடுவதுதான் இது. ஆனாலும் விளையாட்டுத் துறையின் பக்கத்தில் அது செலவாகவே நிற்கும்.

எப்படியும் கிளம்பப்போகும் பேருந்தில் பத்து இருக்கை காலியாக இருக்கும்போது ஓட்டுநர் தன் மைத்துனரை ஏற்றிக்கொள்கிறார் என்று வையுங்கள். முதலாளிக்கு அதனால் ஆகும் உண்மையான செலவு டிக்கெட் விலை அல்ல. கூட்டம் நிரம்பி வழியும் பண்டிகை நாளில் அதே மைத்துனர் ஏறினால்தான் ஒரு டிக்கெட் பணம் மெய்யாகவே போகிறது. பொருளியலாளர் ஆண்டி ஷ்வார்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ இதைத்தான் சொன்னது. கட்டண விலையை விட்டுவிட்டு உண்மையில் கூடுதலாக ஆகும் செலவை மட்டும் எடுத்தால், யூ.ஏ.பி. ஃபுட்பால் பெரிய நட்டம் ஏற்படுத்தவில்லை என்பது அவர்கள் முடிவு.

நான் இரு தரப்பையும் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பயிற்சியாளர் சம்பளம், விமானப் பயணம், உணவு, மருத்துவம் எல்லாம் ரொக்கம், அதில் ஏட்டு வித்தை எதுவும் கிடையாது. ஆனால் உதவித்தொகையின் மெய்யான செலவு, வகுப்பறையில் காலி இருக்கை உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது. சேர்க்கை குறைவாக இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஃபுட்பால் ஏட்டில் தெரிவதைவிட மலிவு, நிரம்பியிருக்கும் இடத்துக்கு ஏட்டில் தெரிவது கிட்டத்தட்ட உண்மை. நான் வேலை பார்த்த இடத்தில் இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, சேர்க்கை அதிகாரியும் விளையாட்டு இயக்குநரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை அந்த இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததே இல்லை.

முடிவு மாறியதற்குக் கணக்கு மட்டும் காரணமல்ல. பழைய மாணவர்கள், நகர மன்றம், உள்ளூர் நிறுவனங்கள் என எல்லாரும் பணம் தருவதாக உறுதி கூறினார்கள். டஸ்கலூசாவிலுள்ள மூத்த அலபாமா பல்கலைக்கழகத்துக்கும் யூ.ஏ.பி.க்கும் ஒரே அறங்காவலர் குழு என்பதால், பெரியவனுக்காகச் சின்னவனை வளரவிடாமல் செய்கிறார்கள் என்ற பழைய சந்தேகமும் சேர்ந்துகொண்டது. வளாக அரங்குத் திட்டம் ஒன்று 2011-இல் அதே குழுவின் கட்டத்தில் நின்றுபோனதை யாரும் மறக்கவில்லை. 2015 ஜூன் 1 அன்று வாட்ஸே அணி திரும்பும் என்று அறிவித்தார்.

கேள்வி: அணி திரும்பியதும் சேர்க்கை எகிறியது என்று படித்தேன். உண்மைதானே, அண்ணா? (பர்மிங்காமில் படித்த ஒரு தங்கை)

எண்களைப் பாரம்மா. 2014 இலையுதிர்ப் பருவத்தில் சுமார் 18,700 மாணவர்கள், 2020-இல் 22,500. இந்த இரண்டை மட்டும் அருகருகே வைத்தால் ஃபுட்பால்தான் கொண்டுவந்தது போலத் தோன்றும். இடையிலுள்ள ஆண்டைப் பார். 2016-இல் எண்ணிக்கை 19,500-ஐ எட்டியது, அந்த ஆண்டு யூ.ஏ.பி. ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கிளார்க்கின் ஆட்டக்காரர்கள் எதிரணியே இல்லாமல் ஒரு முழுப் பருவம் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்த காலம் அது. ஏற்றம் பந்துக்கு முன்பே தொடங்கிவிட்டது.

பின்னே எதனால்? யூ.ஏ.பி.யின் முதுகெலும்பு மருத்துவமும் சுகாதாரப் படிப்புகளும். அந்நகரத்தின் மிகப் பெரிய வேலைதரு நிறுவனமே அதுதான். இணையவழிப் பட்டங்களும் முதுநிலைப் படிப்புகளும் விரிந்தன, வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டுவரத் தனி ஏற்பாடும் செய்தார்கள். பணியிலிருந்துகொண்டே இணையத்தில் சுகாதார நிர்வாகம் படிக்கும் செவிலி, அணி வென்றதா, தோற்றதா என்று பார்த்துச் சேர்வதில்லை. மாணவர்களில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் பெண்கள் என்பதையும் நினைவில் வை.

இதற்காக ஃபுட்பாலால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல மாட்டேன். 2017 செப்டம்பர் 2 அன்று அலபாமா ஏ அண்ட் எம் அணியோடு நடந்த முதல் ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். லீஜன் ஃபீல்டைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் முற்றத்தில் கார் நிறுத்த இடம் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒரு முதியவர், அதே சட்டையைப் போட்ட பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு நுழைவாயில் வரிசையில் நின்றிருந்தார். கூட்டம் 45,212 என்று பலகையில் வந்தபோது அரங்கே எழுந்து நின்றது, 38-க்கு 7 என்று வென்றார்கள். வாகனம் நிறுத்தியதும் வகுப்புக்குப் போய், வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகும் மாணவர்களின் இடமாக இருந்த வளாகத்துக்கு, ஊர் தன்னை ஒட்டவைத்துக்கொண்ட நாள் அது. அதைச் சேர்க்கை எண்ணிக்கையில் தேடினால் கிடைக்காது. நன்கொடையிலும், முதலாண்டு மாணவர் இரண்டாம் ஆண்டும் அங்கேயே தொடர்கிறாரா என்பதிலும் தேட வேண்டும், அங்கேயும் மற்ற காரணங்களிலிருந்து இதை மட்டும் பிரித்தெடுப்பது கடினம்.

கேள்வி: ‘ஃப்ளூட்டி விளைவு’ என்கிறார்களே, அது கட்டுக்கதையா? (சிகாகோவிலிருந்து ஒரு புள்ளியியல் மாணவர்)

முழுக்கக் கட்டுக்கதை அல்ல. 1984 நவம்பர் 23 அன்று பாஸ்டன் கல்லூரியின் டக் ஃப்ளூட்டி கடைசி விநாடியில் எறிந்த பந்து மயாமியை 47-க்கு 45 என வீழ்த்தியது, அதன்பின் விண்ணப்பங்கள் குவிந்தன என்பது கதை. விண்ணப்பங்கள் அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருந்தன என்பது கதையில் வராத பகுதி. பின்னாளைய ஆய்வுகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. போப் சகோதரர்கள் 2009-இல் வெளியிட்டதன்படி, ஃபுட்பாலில் முதல் 20 இடங்களுக்குள் முடிக்கும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பங்கள் 2 முதல் 8 விழுக்காடு கூடும். ஹார்வர்டின் டக் சங் 2013-இல், சுமாரான அணி மிகச் சிறந்த அணியானால் சுமார் 18 விழுக்காடு கூடும் என்றார். இரண்டிலும் நிபந்தனை ஒன்றே: உச்சிக்குப் போக வேண்டும். அங்கே இடம் குறைவு. விண்ணப்பம் வேறு, சேர்க்கை வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: இப்போது அணியின் நிலை என்ன? பெரிய சவால் எது? (அட்லாண்டாவிலிருந்து ஒரு ரசிகர்)

கிளார்க்கின் காலம் பொற்காலம். 2018-இலும் 2020-இலும் அணி அப்போது ஆடிய கான்ஃபரன்ஸ் யூ.எஸ்.ஏ. என்ற கூட்டமைப்பின் பட்டம், 2021-இல் புதிய ப்ரொடெக்டிவ் அரங்கம். முதுகு நோவினால் 2022-இல் அவர் ஓய்வு பெற்றார். 2023-இல் அமெரிக்கன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ் என்ற வேறொரு கூட்டமைப்புக்கு ஏறினார்கள். தொழில்முறை ஃபுட்பாலின் இறுதியாட்டமான சூப்பர் பௌலை ஆட்டக்காரராக வென்ற ட்ரென்ட் டில்ஃபரைப் பயிற்சியாளராக்கினார்கள், அவர் அதற்கு முன் பள்ளி அணிக்குத்தான் பயிற்சி அளித்திருந்தார். 9 வெற்றி, 21 தோல்வி என்ற கணக்கோடு 2025 அக்டோபரில் அவரை நீக்கினார்கள். பெயருக்காக ஆளெடுத்தது தவறு என்பது என் எண்ணம்.

பயிற்சியாளரை மாற்றலாம், பண விதி மாறியதை என்ன செய்வது? 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அணி மாறுவதற்கு இருந்த தடைகளும் ஒவ்வொன்றாக விழுந்து, 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இரண்டு ஆண்டு ஊட்டி வளர்த்த பையன் நன்றாக ஆடினால் மூன்றாம் ஆண்டு பெரிய பல்கலைக்கழகம் தூக்கிக்கொண்டு போகும். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கென் ஒப்புதல் அளித்த ‘ஹவுஸ்’ வழக்கின் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதலாண்டு உச்சவரம்பு 2 கோடியே 5 இலட்சம் டாலர். 2014-இல் யூ.ஏ.பி.யின் விளையாட்டுத் துறை முழுவதற்குமான செலவே 3 கோடி என்று மேலே எழுதியதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். பெரிய பல்கலைக்கழகங்களுக்குத் தொலைக்காட்சிப் பணம் இருக்கிறது. நடுத்தரமானவை பெரியவர்களின் அரங்குக்குப் போய், பத்து இலட்சம் டாலரும் அதற்கு மேலும் வாங்கிக்கொண்டு, அடிவாங்கித் திரும்பும் ஆட்டங்களை நம்புகின்றன.

கேள்வி: கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டால் என்ன? (ஹூஸ்டனிலிருந்து ஓர் இல்லத்தரசி)

ஐடஹோ பல்கலைக்கழகம் 2018-இல் அதைச் செய்தது, அணி உயிரோடுதான் இருக்கிறது. பர்மிங்காமில் ஒருமுறை கலைத்து அவமானப்பட்டவர்கள் இனி இறக்கம் என்ற சொல்லைக்கூட எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: மகளுக்கு அங்கே முதுநிலைக் கணினி அறிவியலில் இடம் கிடைத்திருக்கிறது. ஃபுட்பால் செலவு எங்கள் தலையில் விழுமா? (ஈரோட்டிலிருந்து ஒரு தாய்)

பல நடுத்தரப் பல்கலைக்கழகங்களில் மாணவர் கட்டணத்தின் ஒரு பகுதி விளையாட்டுக்குப் போகிறது அம்மா, எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். கட்டண விவரப் பட்டியலில் ‘மாணவர் சேவைகள்’ போன்ற பொதுத் தலைப்புக்குள் அது கலந்திருக்கும். மாணவர் கணக்கு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்தக் கட்டணம் எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள், அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் மறைக்க முடியாது. இந்தத் தொகையைவிட, உதவி ஆசிரியப் பணி கிடைக்குமா, அதில் கட்டணத் தள்ளுபடி உண்டா என்பதே உங்களுக்கு முக்கியம்.

கேள்வி: வரும் ஆண்டுகளில் சேர்க்கை எப்படி இருக்கும்? (கலிபோர்னியாவிலிருந்து ஒரு பேராசிரியர்)

அமெரிக்காவில் 2007-இல் சுமார் 43 இலட்சம் குழந்தைகள் பிறந்தன, அதுவே உச்சம். மறு ஆண்டு பொருளாதாரச் சரிவு வந்தது, பிறப்பு குறைந்தது. 2007-இல் பிறந்த குழந்தைகள் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள், அடுத்து வரும் ஆண்டுகளில் வரிசை குறுகும். யூ.ஏ.பி.யிலும் 2020-இன் உச்சத்துக்குப் பிறகு எண்ணிக்கை சற்றே இறங்கியது. வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்புவது விசாக் கெடுபிடி கூடிய இந்தக் காலத்தில் முன்போல எளிதல்ல.

நான் அங்கே நிதி அலுவலகத்தில் இருந்தால் அணியைக் கலைக்கச் சொல்ல மாட்டேன். ஒவ்வோர் ஆண்டும் உதவித்தொகையை முழு விலையில் ஒரு பத்தியிலும் உண்மையான கூடுதல் செலவில் மறு பத்தியிலும் எழுதி, இரண்டையும் அறங்காவலர் குழுவின் முன் வைக்கச் சொல்வேன். சேர்க்கை அலுவலகத்தின் விளம்பர நிதியை ஃபுட்பாலுக்குத் திருப்ப யாராவது கேட்டால், 2016-இன் எண்ணைக் காட்டுவேன்.