பக்கவாதத்துக்குப் பிறகு கையில் கட்டும் சென்சார்: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு வலது கைதான் விழுந்துவிட்டது. இடது மணிக்கட்டிலும் ஏன் சென்சார் கட்டச் சொல்கிறார்கள்?

இந்தச் சென்சார் கை அசைவதைக் கணக்கெடுக்கும் கருவி. இரண்டு கையிலும் கட்டுவது ஒப்பிடத்தான். பாதித்த கையின் கணக்கு மட்டும் இருந்தால், அன்று முழுக்கப் படுத்திருந்தாரா, கையை ஒதுக்கினாரா என்று பிரிக்க முடியாது. வலது கை அசைந்த நேரத்தை இடது கையின் நேரத்தால் வகுப்போம். பக்கவாதம் வராதவர்களுக்கு இது ஒன்றை ஒட்டியே இருக்கும். வலதுகைப் பழக்கக்காரர்களுக்கும் அப்படித்தான். துணி மடிக்க இரண்டு கையும் வேண்டுமே.

கேள்வி: தெரபி அறையில் டம்ளரைத் தூக்குகிறார். வீட்டில் அந்தக் கை மடியிலேயே கிடக்கிறது. சோம்பலா?

தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஆரம்பத்தில் முயன்று முயன்று தோற்ற கையை மூளை கைவிட்டுவிடுகிறது. வலு திரும்பினாலும் பழக்கம் திரும்புவதில்லை. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை விளக்கி, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டுப் பாதித்த கைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியை உருவாக்கினார். அந்தப் பயிற்சியைச் சோதித்து 2006இல் வெளியான எக்சைட் என்ற ஆய்விலும் அதற்குப் பலன் தெரிந்தது. ஆனால் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது நிமிர்ந்தால்தான் அது சரிவரும்.

சென்சாரின் உண்மையான பயன் இங்கேதான். மணிவாரியாக வரைபடத்தைப் பாருங்கள். குளிக்கும், உடுத்தும் நேரத்தில் வலது கைக் கோடு தரையோடு கிடந்தால், பொத்தானை வேறு யாரோ போட்டுவிடுகிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அன்பு மிகுந்த வீட்டார்தான்! நாளைக்கு ஒரு பொத்தானையாவது அவருக்கு விடுங்கள்.

கேள்வி: சும்மா நடந்தாலும் எண்ணிக்கை ஏறுகிறதே?

ஏறும். கைவீச்சு, வண்டிக் குலுங்கல் எல்லாம் கணக்கில் சேரும். நடந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், கழித்துப் பார்க்கலாம். அப்புறம், விரல் அசைவு மணிக்கட்டுச் சென்சாருக்கு அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: வாக்கர் பிடித்து நடக்கிறார். ஸ்மார்ட்வாட்ச் பாதி அடிகளைக்கூட எண்ணவில்லை.

கை வீசவில்லை, நடையும் மெதுவு. கணுக்காலில் கட்டும் சென்சார் வாங்குங்கள்.

கேள்வி: எண்ணிக்கை கூடினால் குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். முழங்கையை நீட்டாமல் உடம்பையே முன்னால் சாய்த்து டம்ளரை எட்டினாலும், மணிக்கட்டுச் சென்சார் அதையும் அசைவு என்றே எண்ணும். நெஞ்சில் இன்னொன்று ஒட்டினால் குட்டு வெளிப்படும். எண்ணிக்கையை ஏற்றப்போய்த் தோள் வலித்தால் நிறுத்திவிட்டுத் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.